வெடிக்காத குண்டைப் படமாக்குதல்: அணு ஆயுத விபத்து குறித்த ஆவணப்படத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1950 முதல் 1980 வரை தன் அணு ஆயுதங்கள் தொடர்பாக 32 பெரும் விபத்துகள் நிகழ்ந்ததாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்றில்கூட அணு வெடிப்பு நிகழவில்லை. ஆவணப்படம் எடுக்க நினைப்பவர் முதல் நாளிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். ஏனென்றால் இந்தப் பொருளைத் தொட்டவுடன் எல்லோருடைய கையும் தானாக நீள்வது காளான் மேகக் காட்சியை நோக்கித்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்பெயின் நாட்டின் பலோமாரஸ் விபத்தைப் பற்றிய என் படத்தின் முதல் வடிவத்தைக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை பின்னும் கொட்டகையில் சில மீனவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கடைசியில் கேட்டார்: “குண்டு வெடிச்சுதா, வெடிக்கலயா தம்பி? நீங்க காட்டுற படத்துல வெடிக்குது, சொல்ற கதையில வெடிக்கல.” அந்தக் கேள்விக்குப் பிறகு படத்தின் பாதியைக் கலைத்து மீண்டும் கட்டினேன். புதுச்சேரியில் ஒரு சிறிய அறை, ஒரு கேமரா, ஒரு மடிக்கணினி ஆகியவற்றை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எப்படி என்பதை, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் படி: ஒரே ஒரு விபத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா விபத்துகளையும் ஒரு படத்துக்குள் அடைக்க முயல வேண்டாம், அது பட்டியலாகிவிடும். நல்ல விபத்து என்று நான் சொல்வது (சொல் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது) பார்வையாளர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு சிறு பொருளில் தொடங்குவதை. 1980 செப்டம்பர் 18ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தின் டமாஸ்கஸ் என்ற ஊருக்கு அருகே, டைட்டன்-2 என்ற அணு ஏவுகணையின் நிலத்தடிக் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரின் கையிலிருந்து, ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள ஸ்பேனர் சாக்கெட் ஒன்று நழுவி, ஆழத்தில் விழுந்து, எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. மறுநாள் அதிகாலையில் ஏவுகணை வெடித்து ஒருவர் உயிரிழந்தார்; அதன் முனையில் இருந்த 9 மெகாடன் அணுகுண்டு வெடிக்காமல் வெளியே போய் விழுந்தது. 1968 ஜனவரி 21 அன்று கிரீன்லாந்தில் இருந்த தூலே என்ற அமெரிக்க விமானத் தளத்துக்கு அருகே உறைந்த கடல்மீது பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு விழுந்ததற்குத் தொடக்கம், வெப்பக் காற்று வரும் துளை அருகே வைத்திருந்த இருக்கை மெத்தைகள் தீப்பற்றியது. ஒரு சாக்கெட், ஒரு மெத்தை: இவற்றை நெருக்கத்தில் காட்டினால் போதும், பார்வையாளர் நம் பிடிக்குள் வந்துவிடுவார்.

நான் பலோமாரஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. 1966 ஜனவரி 17 காலை, ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரைக்கு மேலே, சுமார் 31,000 அடி உயரத்தில், பறந்தபடியே எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த பி-52 விமானமும் கேசி-135 எரிபொருள் விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த பதினோரு பேரில் ஏழு பேர் இறந்தனர். நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் மூன்று தரையில் விழுந்தன. அவற்றில் இரண்டின் சாதாரண வெடிமருந்து வெடித்து, தக்காளி விளையும் வயல்களில் புளூட்டோனியத் தூளைப் பரப்பியது. நான்காவது கடலுக்குள் போனது. அது எங்கே விழுந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர், பிரான்சிஸ்கோ சிமோ ஓர்ட்ஸ் என்ற மீனவர். நம் கரையில் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். கல்பாக்கமும் கூடங்குளமும் அன்றாடப் பேச்சில் இருக்கும் ஊர்களில் “அணு விபத்து” என்றாலே அணு உலை விபத்து என்றுதான் பார்வையாளர் எடுத்துக்கொள்வார். உலை வேறு, ஆயுதம் வேறு என்பதை முதல் மூன்று நிமிடங்களுக்குள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு அந்த விவாதத்துக்குள் போகாதீர்கள்.

இரண்டாம் படி: நேரக் கணக்கு நோட்டு

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் நேரம், நடுவில் நிகழ்வு, வலப்பக்கம் அதை யார் சொன்னார் என்பது. இராணுவ ஆவணங்கள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். உள்ளூர் சாட்சிகள் தங்கள் கைக்கடிகார நேரத்தைச் சொல்வார்கள். செய்தி நிறுவனங்கள் தாங்கள் செய்தி அனுப்பிய ஊரின் நேரத்தைப் போடும். ஒவ்வொன்றையும் விபத்து நடந்த இடத்து நேரத்துக்கு மாற்றி எழுதாவிட்டால், படத்தொகுப்பு மேசையில் விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். எனக்கு அப்படி ஒரு முறை நேர்ந்தது. ஒரு தேடல் குழு, தான் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

அதே நோட்டில், விபத்து நடந்த வாரத்தில் நம் ஊரில் என்ன நடந்தது என்பதையும் எழுதிக்கொள்வது பயன் தரும். பலோமாரஸ் விபத்துக்கு ஆறு நாள் முன்னால், 1966 ஜனவரி 11 அன்று, தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்தார். விபத்துக்கு ஒரு வாரம் கழித்து, ஜனவரி 24 அன்று, இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். அதே நாளில் இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை ஹோமி பாபா சென்ற விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. தமிழ் வாசகர் அந்த இரண்டு வாரங்களில் எதைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதைப் படத்துக்குள் கொண்டுவர விரும்பினால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைத் தேடுங்கள். புதுச்சேரியில் இருப்பவருக்கு ரோமன் ரோலண்ட் நூலகமும், பிரெஞ்சு சரளமாகப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெரியவர்களும் கூடுதல் பலம். அவர்களில் ஒருவர்தான் எனக்குப் பிரெஞ்சுச் செய்தித்தாள் நறுக்குகளை ஒரு பிற்பகல் முழுவதும் வாய்விட்டுப் படித்துச் சொன்னார்.

மூன்றாம் படி: ஆவணம் கேட்டு எழுதுதல்

அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் விண்ணப்பிக்க அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டும் எழுதலாம். ஆனால் “விபத்து பற்றிய எல்லா ஆவணங்களும் வேண்டும்” என்று எழுதினால் ஒன்றும் வராது. விமானத்தின் வகை, அது கிளம்பிய தளம், விபத்து நாள், எந்தப் பிரிவின் அறிக்கை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு எழுதுங்கள். அதைத் தாண்டினால் முதலில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இருபது வேலை நாள்களில் பதில் என்று சட்டம் சொல்கிறது; பல மாதங்கள் என்று நீங்கள் திட்டமிடுங்கள். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. விண்ணப்பிக்கும் முன், ஏற்கனவே வெளியானவற்றை ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கங்களில் பார்த்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1961 ஜனவரி 24 அன்று வட கரோலைனாவின் கோல்ட்ஸ்பரோ அருகே பி-52 விமானம் ஒன்று வானிலேயே உடைந்து, இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. ஒன்று பாராசூட்டோடு மரத்தில் தொங்கியது. மற்றது சேற்று வயலுக்குள் புதைந்தது. பெரும் அழிவைத் தடுத்து நின்றது குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் ஒரே ஒரு எளிய சுவிட்ச்தான் என்று பார்க்கர் ஜோன்ஸ் என்ற பாதுகாப்புப் பொறியாளர் 1969இல் எழுதிய குறிப்பு, இந்தச் சட்டத்தின் வழியாகவே 2013இல் வெளியே வந்தது. இடையில் நாற்பத்துநான்கு ஆண்டுகள்.

வரும் பக்கங்களில் கறுப்பு மையால் அடித்த வரிகள் இருக்கும். அவற்றைத் தவிர்க்காமல் அப்படியே படம் பிடியுங்கள். அடித்த வரிக்குள் என்ன இருந்திருக்கும் என்று மட்டும் ஊகிக்காதீர்கள்.

நான்காம் படி: சாட்சியைக் கேட்பது

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவிட வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் நடந்ததை ஒருவர் சொல்லும்போது, அவர் பார்த்தது எது, பிறகு கேட்டது எது, தொலைக்காட்சியில் பார்த்தது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இதற்குப் பயிற்சி எடுக்க ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. தாழங்குடாவிலோ வீராம்பட்டினத்திலோ ஐந்து பேரிடம் தனித்தனியாக, “காற்று எப்போது உச்சத்தில் அடித்தது?” என்று மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நான் கேட்டபோது நள்ளிரவில் தொடங்கிக் காலை எட்டு மணி வரை எல்லா நேரமும் பதிலாக வந்தது. “நாலு மணி இருக்கும்” என்று பொதுவாகச் சொன்னவரைவிட, “அடுப்பு மூட்டப் போனேன், கூரைத் தகரம் பிய்ந்து கொண்டுபோனது, அப்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது” என்று ஒரு செயலோடு சேர்த்துச் சொன்ன பெண்மணியின் கணக்குத்தான் வானிலைத் துறையின் பதிவோடு ஒத்துப்போனது. எனவே சாட்சியிடம் நேரத்தைக் கேட்காதீர்கள். அப்போது கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

சிமோ ஓர்ட்ஸ் விஷயத்தில் கதையின் முடிச்சே இதுதான். பாராசூட்டில் ஒரு பொருள் தன் படகுக்கு அருகே கடலில் இறங்கியதைப் பார்த்ததாகவும், இடத்தைக் காட்ட முடியும் என்றும் அவர் சொன்னார். தேடலில் ஈடுபட்டிருந்த அமெரிக்கர்கள் தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்கு உரிய எடை கொடுக்கவில்லை. கடற்படை, கடலடியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குண்டு இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டுத் தேடியது. இறுதியில் ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கி மார்ச் மாதத்தில் குண்டைக் கண்டது. தூக்க முயன்றபோது கயிறு அறுந்து, குண்டு மேலும் ஆழத்துக்குச் சரிந்தது. மீண்டும் தேடிக் கண்டுபிடித்து, கர்வ் என்ற தொலை இயக்கக் கருவி பாராசூட் துணியில் தானே சிக்கிக்கொண்ட நிலையில், இரண்டையும் ஒன்றாக ஏப்ரல் 7 அன்று மேலே இழுத்தார்கள். விபத்து நடந்து 80 நாள்கள் ஆகியிருந்தன. ஆழம் 2,850 அடி.

2,850 அடி என்று குரல்வழியில் சொன்னால் அது வெறும் எண். தேவனாம்பட்டினத்துப் பெரியவரிடம் அதையே பாகக் கணக்கில் (ஒரு பாகம் ஆறு அடி) மாற்றி, “நானூற்று எழுபத்தைந்து பாகம் ஐயா” என்றேன். பின்னிக்கொண்டிருந்த ஊசி அப்படியே நின்றது. இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் காட்டினார், பிறகு இன்னொரு முறை விரித்தார், பிறகு சிரித்துவிட்டு, “அவ்வளவு கயிறு எங்க ஊர் முழுக்கச் சேத்தாலும் இல்ல தம்பி” என்றார். அந்தக் கை விரிப்புத்தான் இப்போது படத்தில் ஆழத்தைச் சொல்கிறது, வரைபடத்தை நீக்கிவிட்டேன்.

அவரிடமே, குறியில்லாத கடலில் ஓர் இடத்தை எப்படி நினைவில் வைப்பது என்றும் கேட்டேன். ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன், கலங்கரை விளக்கமும் அதற்குப் பின்னால் தெரியும் பனையும் ஒரே கோட்டில் சேரும் இடத்தையும், வேறு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்கள் சேரும் இடத்தையும் பார்த்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியை மனத்தில் வைப்பார்களாம். “பாத்த எடத்த மறந்துட்டா போட்ட வலைய எங்க போய் எடுக்குறது?” என்றார். ஒரு மீனவரின் சாட்சியத்தை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாதத்தை எந்த நிபுணரும் எனக்குத் தரவில்லை. விபத்து நடந்த நாட்டின் நிபுணரை மட்டும் தேடி ஓடாமல், அதே தொழிலைச் செய்யும் நம் ஊர்க்காரரையும் பேசவையுங்கள். அவர் ஸ்பெயின் நிகழ்வுக்குச் சாட்சி அல்ல என்பதைத் திரையில் “கடலூர், இன்று” என்று எழுதித் தெளிவாக்கிவிட வேண்டும்.

ஸ்பெயினில் எடுக்க வேண்டிய நேர்காணல்களுக்கு அங்குள்ள ஒளிப்பதிவாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, கேள்விகளை எழுதி அனுப்பி, காணொலி அழைப்பில் உடனிருங்கள். மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொல்ல அனுமதிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பழைய காட்சிகள்

அமெரிக்க அரசு ஊழியர் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அவற்றைப் பெறலாம். செய்தி நிறுவனங்களின் காட்சிகள் அப்படியல்ல, நொடிக் கணக்கில் கட்டணம். காட்சிகள் விற்கும் ஒரு நிறுவனம், அரசு எடுத்த அதே படத்துண்டுக்கு என்னிடம் கட்டணம் வாங்கிக்கொண்டது. பத்து நாள் கழித்து அது இலவசமாகக் கிடைப்பதைக் கண்டேன். வாங்கும் முன் மூலத்தைத் தேடுங்கள்.

பழைய காட்சி உண்மையானது என்பதாலேயே அது உண்மையைச் சொல்கிறது என்று பொருளல்ல. 1966 மார்ச் 8 அன்று அமெரிக்கத் தூதர் ஆஞ்சியர் பிடில் டியூக்கும் ஸ்பெயின் அமைச்சர் மனுவேல் ஃபிராகாவும் கடலில் குளித்துச் சிரிக்கும் காட்சி எல்லோருக்கும் கிடைக்கும். கடல் பாதுகாப்பானது என்று காட்டவே கேமராக்களை அழைத்திருந்தார்கள். அன்று நான்காவது குண்டு இன்னும் கடலடியில்தான் கிடந்தது. அந்தக் காட்சியைப் பயன்படுத்துங்கள், ஆனால் தேதியைப் போடுங்கள். வேறு விமர்சனம் தேவையில்லை. அதற்கு அடுத்து, அசுத்தமான மண்ணை அள்ளி ஏறத்தாழ 4,800 பீப்பாய்களில் அடைத்து தென் கரோலைனாவுக்குக் கப்பலில் அனுப்பியதையும், எஞ்சிய மண்ணைச் சுத்தம் செய்வது குறித்து இரு நாடுகளும் 2015 அக்டோபரில் மீண்டும் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட வேண்டியிருந்ததையும் வையுங்கள்.

ஆறாம் படி: அறிவியலைச் சொல்வது

இரண்டு விஷயங்களை மட்டும் விளக்கினால் போதும். குண்டின் வெடிமருந்து வெடித்தும் அணு வெடிப்பு ஏன் நிகழவில்லை என்பது முதலாவது. புளூட்டோனியக் கருவைச் சுற்றியுள்ள வெடிமருந்து எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடித்தால்தான் கரு சீராக நெருக்கப்படும். ஒரு முனையில் மட்டும் அடிபட்டு வெடித்தால் சிதறிவிடும். இதற்குக் கணினி வரைகலை செய்யப் பணம் இல்லாமல், வீட்டில் கொழுக்கட்டை மாவை எடுத்து, இரு உள்ளங்கைகளால் ஒருசேர அழுத்தினால் உருண்டையாவதையும், ஒரு விரலால் குத்தினால் எதிர்ப்பக்கம் பிதுங்குவதையும் படம் பிடித்தேன். உவமை முழுக்கப் பொருந்தாது. ஆனால் திரையிடல்களில் இந்த இடத்தில் யாரும் சந்தேகம் கேட்டதில்லை.

இரண்டாவது, புளூட்டோனியத் தூளின் ஆபத்து. அது வெளிவிடும் ஆல்ஃபா துகளைத் தாளும் தோலும் தடுத்துவிடும். மூச்சோடு உள்ளே போனால்தான் பெருங்கேடு. அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 24,000 ஆண்டுகள். இங்கே ஒலி வடிவமைப்பாளரோடு ஒரு சண்டை கட்டாயம் வரும். கதிரியக்கம் என்றதும் அவர் கைகர் கருவியின் படபட ஒலியைச் சேர்ப்பார். சாதாரண கைகர் குழாயின் சுவரையே ஆல்ஃபா துகள் தாண்டாது. அதற்கு மிக மெல்லிய முகப்புள்ள தனிக் கருவி வேண்டும். பலோமாரஸ் வயல்களில் பயிர்த் தாள்கள் குத்தி அந்த முகப்புகள் கிழிந்துபோனதே தேடலின் அன்றாடத் தொல்லைகளில் ஒன்று. கிழிந்த முகப்பைச் சொல்லுங்கள், படபடப்பை நீக்குங்கள்.

ஏழாம் படி: நம் கரையில் படப்பிடிப்பு

பலோமாரஸ் கடற்கரையும் கிழக்கு நோக்கியது என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும். காலைக் கடலின் மனநிலையைக் காட்ட தேவனாம்பட்டினம் உதவும். ஆனால் இதை ஸ்பெயின் என்று நம்பவைக்க முயலாதீர்கள். வாடைக் காற்றில் காலர் மைக் பயனற்றது. மயிரடர்ந்த காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் கடற்கரையில் குரல் பதியாதீர்கள், அல்லது கவிழ்த்த ஃபைபர் படகின் மறைவில் உட்காரவையுங்கள். அன்றிரவே லென்சைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ட்ரோன் பறக்கவிடும் முன் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த இடம் பச்சை மண்டலமா என்று அரசு வரைபடத்தில் பாருங்கள். அணுசக்தி நிறுவனங்களின் பக்கம் கேமராவையே திருப்ப வேண்டாம். 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டமும் அணுசக்தி தொடர்பான சட்டமும் விளையாட்டல்ல. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும் என்பதால் அதற்கான செலவையும் காலத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

எட்டாம் படி: தொகுப்பும் மறு திரையிடலும்

தொகுக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று வண்ணத்தில் குறியுங்கள்: நடந்தது, ஒருவர் சொன்னது, நடந்திருக்கக்கூடியது. மூன்றாவது வண்ணம் வரும் இடங்களில் படம் எதையும் காட்டக் கூடாது. சொல்லுபவரின் முகம் மட்டும் போதும். என் படத்தில் காளான் மேகம் இருந்த நாற்பது நொடிகளில் இப்போது இருப்பது, வெறும் கடல் பரப்பும் படகு எஞ்சின் ஓசையும்.

முதல் திரையிடலைத் திரைப்பட ஆர்வலர்களிடம் வைக்காமல், கதையின் தொழிலைத் தெரிந்தவர்களிடம் வையுங்கள். திருத்திய படத்தை அதே கொட்டகையில் மறுபடி போட்டேன். குண்டைப் பற்றி இந்த முறை யாரும் கேட்கவில்லை. பெரியவர் மட்டும் பீடியை அணைத்துவிட்டு, “எடத்தக் காட்டுன ஆளுக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?” என்றார். கடலில் கிடந்ததை மீட்க உதவியவருக்குப் பங்கு உண்டு என்ற கடல்சார் சட்டத்தின்படி சிமோ ஓர்ட்ஸ் உரிமை கோரியது என் நோட்டில் இருந்தது, படத்தில் இல்லை. அன்றிரவு புதுச்சேரி திரும்பியதும் இறுதி எழுத்துகளுக்கு முன் இரண்டு வரி சேர்த்து, படத்தைக் கணினியில் மீண்டும் இறுதிக் கோப்பாக மாறப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.